தபால்தலை இல்லாத உறை

உறையின் வலது மூலையில் சதுரமாக ஓர் ஓட்டை இருந்தது.

எஸ்தர் டீச்சர் அதை மேசைமேல் வைத்து, "வந்துடுச்சு பிள்ளைங்களா, டென்மார்க்லேர்ந்து வந்துடுச்சு!" என்றார். ஒன்பதாம் வகுப்பு முழுவதும் எழுந்து மேசையைச் சூழ்ந்துகொண்டது. நான் மட்டும் எழவில்லை. அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டு என் இடத்திலேயே இருந்தேன்.

வெளிநாட்டுத் தபால் என்றால் தபால்தலை இருக்கவேண்டும். தபால்தலையின்மேல் முத்திரை விழுந்திருக்கவேண்டும். இரண்டும் இருக்கவேண்டிய இடத்தை யாரோ கத்தரிக்கோலால் நேர்த்தியாக வெட்டி எடுத்திருந்தார்கள். ஓட்டை வழியே உள்ளிருந்த தாளின் நீல விளிம்பு தெரிந்தது.

கார்த்திகை தீபத்துக்கு முந்திய வாரம் அது. சன்னலுக்கு வெளியே உற்சவக் கடைகளுக்கு மூங்கில் நடும் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது. அந்த ஓசையின் ஒவ்வோர் அடிக்கும் என் நெஞ்சில் ஒரு கேள்வி இறங்கியது. யார் வெட்டியது? ஏன் வெட்டியது? எதை மறைக்க வெட்டியது?

நடந்தது இதுதான். அந்த ஆண்டு ஆங்கிலம் கற்பிக்க வேலூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர் எஸ்தர் டீச்சர். டென்மார்க்கில் கடலோரச் சிற்றூர் ஒன்றின் பள்ளி முகவரியை யார் மூலமோ பெற்று, எங்கள் வகுப்பு மாணவியர் முப்பத்திரண்டு பேருக்கும் அங்கே பேனா நண்பர்களை ஏற்படுத்தினார். ஆடி மாதத்தில் நாங்கள் தமிழில் எழுதிக் கொடுத்தோம். அத்தனையையும் அவரே ஆங்கிலமாக்கி, ஒரே கட்டாக அனுப்பி வைத்தார். பதிலும் ஒரே உறையில் வந்திருந்தது.

எனக்கு வாய்த்தவளின் பெயர் கிர்ஸ்டன்.

பூனையும் மழையும்

அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்க அமர்ந்தேன். அகராதிக்கு வேலையே இருக்கவில்லை.

"எங்கள் வீட்டில் ஒரு பூனை இருக்கிறது. இங்கே மழை பெய்கிறது. நான் மீன் சாப்பிடுவேன். நீ என்ன சாப்பிடுவாய்? உங்கள் மலை எவ்வளவு உயரம்? பக்கத்தில் ரயில் நிலையம் உண்டா?"

அவ்வளவுதான். நான் எழுதியதோ நான்கு முழுப் பக்கங்கள். அந்த நான்கு பக்கங்களின் நடுவில் என் தங்கை வள்ளி காய்ச்சலில் இறந்துபோயிருந்தாள். அதைப் படித்துவிட்டு ஒருத்தி பூனையைப் பற்றி எழுதுவாளா?

அன்று மாலை எங்கள் ஊரான அடி அண்ணாமலையில், பிடுங்கிப் போட்ட மல்லாட்டைச் செடியிலிருந்து கடலைக்காயை ஆய்ந்துகொண்டிருந்த அப்பாவிடம் கடிதத்தைத் தமிழில் சொன்னேன். அப்பா கையிலிருந்த செடியைக் கீழே வைத்தார்.

"ரயில் ஸ்டேஷன் எதுக்காம் அவளுக்கு?"

"சும்மா கேக்கறாப்பா."

"சும்மாவா? மலை ஒசரம் கேக்குறா, ஸ்டேஷன் கேக்குறா. உளவு பாக்கற ஆளுங்கதான் இதெல்லாம் கேப்பாங்க."

பக்கத்தில் பச்சைக்காயை உடைத்துத் தின்றுகொண்டிருந்தவள் சிரித்தாள். "அவளுக்குப் பதினாலு வயசுதாம்பா."

"பதினாலுன்னு அவ எழுதினா ஆச்சா? நீ பாத்தியா?"

சிரித்தவள் வேறு யாருமில்லை, என் தங்கை வள்ளிதான்.

அப்பாவின் சந்தேகத்தை நீங்கள் எள்ளி நகையாட வேண்டாம். வெள்ளைக்காரர்களைக் காணாதவர்கள் அல்லர் நாங்கள். வேட்டி கட்டிக்கொண்டு வெறுங்காலோடு மலை சுற்றுகிறவர்கள் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போவார்கள். கேட்டால் அப்பா சொம்பு நிறையத் தண்ணீர் கொடுப்பார். கொடுத்தபின், அவர்கள் முதுகு வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டே நிற்பார். தாகத்துக்குத் தண்ணீர் தருவது தருமம்; நம்புவது வேறு காரியம் என்பது அவர் கொள்கை.

அந்தக் கொள்கையை நானும் உடன் பிறந்ததுபோல் பெற்றிருந்தேன். ஒரே வேறுபாடு: அப்பா கிர்ஸ்டனைச் சந்தேகித்தார். கிர்ஸ்டன் என்று ஒருத்தி இருக்கிறாளா என்பதையே நான் சந்தேகித்தேன்.

மேடையில் இறந்தவள்

இந்தத் தொடரில் சென்ற வாரம், பேச்சுப் போட்டியில் வேலூரில் நான் வாங்கிய முதல் கோப்பையைப் பற்றி எழுதியிருந்தேன். அதில் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். இப்போது சொல்லியாகவேண்டும்.

பேச்சை நான் பள்ளியில் மட்டும் கற்கவில்லை. தேரடியில் கூட்டம் என்றால் அப்பா சைக்கிளின் முன்கம்பியில் என்னை உட்காரவைத்து அழைத்துப் போவார். எதுகையும் மோனையும் எனக்குப் பாடப்புத்தகத்துக்கு முன்பே ஒலிபெருக்கியில் அறிமுகமானவை. ஒன்றை அங்கே கூர்ந்து கவனித்தேன். பேச்சு உச்சிக்குப் போகும்போது பேச்சாளரின் குரல் திடீரென்று தாழும். "என் தாய்..." என்பார். கூட்டம் மூச்சை அடக்கும். ஒரே பேச்சாளரின் தாய் போளூர்க் கூட்டத்தில் பசியால் இறந்தார். செங்கம் கூட்டத்தில் வெள்ளத்தில் போனார். அந்தத் தாய் முன்வரிசையில் வெற்றிலை மென்றபடி மகன் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்ததை நானே ஒருமுறை கண்டேன். யாரும் எழுந்து கேள்வி கேட்கவில்லை. கேட்பது சபை நாகரிகமும் அன்று.

'ஒரு சிறுமி இறந்தாள்' என்றால் சபை கேட்கும். 'என் தங்கை இறந்தாள்' என்றால் சபை அழும். இதை நான் பன்னிரண்டு வயதில் கண்டுகொண்டேன்.

வேலூர்ப் போட்டியில் தலைப்பு, கிராமத்துக்கு முதல் தேவை மருத்துவமனையா, பள்ளிக்கூடமா என்பது. எனக்கு மருத்துவமனைக் கட்சி விழுந்தது. "மாட்டு வண்டியில் ஏற்றினோம். மலையைச் சுற்றி வண்டி வந்தது. நகரத்தின் முதல் விளக்குத் தெரிந்தபோது என் மடியில் வள்ளி குளிர்ந்திருந்தாள்" என்று குரலைத் தாழ்த்தினேன். நடுவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வள்ளி முன்வரிசையில் பன் தின்றுகொண்டிருந்தாள். தன் சாவுக்கு மற்ற எல்லோரையும்விட உரக்கக் கைதட்டியவள் அவள்தான். திரும்பும் பஸ்ஸில் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு யோசனையும் சொன்னாள்: "அக்கா, அடுத்த தடவை பாம்பு கடிச்சி சாகற மாதிரி வெச்சிக்க. காய்ச்சல் ரொம்ப கம்மியா இருக்கு."

டென்மார்க்குக்கு எழுத அமர்ந்தபோது எனக்குக் கடிதமும் ஒரு மேடையாகவே தெரிந்தது. கடல் கடந்த சபை. அதுவரை நான் கண்டிராத பெரிய சபை. கைவசம் இருந்த வெற்றிபெற்ற பேச்சையே எடுத்து எழுதினேன். எஸ்தர் டீச்சர் அதைப் படிக்கும்போது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் ஊருக்குப் புதியவர். மதியச் சோற்றுக்கு எங்கள் வகுப்பு வாசலில் வந்து நிற்கும் ஆறாம் வகுப்புப் பெண்தான் வள்ளி என்பது அவருக்குத் தெரியாது. அந்தக் கண்ணீரை நான் கைதட்டலாக ஏற்றுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மன்றம்

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் வகுப்பு இலக்கிய மன்றம் கூடும். கரும்பலகைக்குக் கீழே ஆசிரியர் நிற்கும் மரத்திட்டுதான் மேடை. எஸ்தர் டீச்சர்தான் அவைத் தலைவர். பேனா நட்பால் பயன் உண்டா என்பது அன்றைய தலைப்பு. உண்டு என்று நான் பேசவேண்டும். இல்லை என்று என் பக்கத்து இடத்து ஜமீலா பேசவேண்டும். மன்றத்தில் எப்போதும் எனக்கு எதிர்க்கட்சி அவள்.

காலையிலேயே அவளிடம் என் சந்தேகத்தைச் சொல்லிப் பார்த்திருந்தேன்.

"விடுடி. அவங்களுக்கும் நம்ம மாதிரி இங்கிலீஷ் வராதோ என்னமோ," என்றாள்.

"வெள்ளைக்காரிக்கு இங்கிலீஷ் வராதா?"

"எல்லா வெள்ளைக்காரியும் ஒரே ஊரா?"

அந்தக் கேள்வியில் இருந்த உண்மையை அன்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. எதிர்க்கட்சியின் கேள்வியை எடுத்துக்கொள்வது என் பயிற்சியில் இல்லை.

மேடை ஏறினேன். எனக்கு ஒதுக்கிய கட்சியைக் கைவிட்டேன்.

"அவைத் தலைவர் அவர்களே! முப்பத்திரண்டு கடிதங்கள் வந்தன என்கிறார்கள். முப்பத்திரண்டும் ஒரே நீலத் தாளில் வந்த மாயம் என்ன? தபால்தலை எங்கே? முத்திரை எங்கே? தபால்காரர் வந்ததைக் கண்டவர் யார்? வெள்ளையர் எழுதிய ஆங்கிலம் ஒன்பதாம் வகுப்புக்கு அகராதியின்றிப் புரிகிறதே, அது எப்படி? நமக்குப் புரியும்படி ஆங்கிலம் எழுதத் தெரிந்தவர் இந்த அறையில் ஒருவரே இருக்கிறார்!"

வகுப்பில் ஒரு பேரமைதி. சபையை அப்படி அமைதியாக்குவதில் உள்ள போதை பேசியவர்களுக்கே தெரியும். அந்தப் போதையில் சபதமும் செய்தேன். "இக்கடிதங்கள் டென்மார்க்கிலிருந்து வந்தவை என்று மெய்ப்பிக்கப்பட்டால் இந்த மேடையிலிருந்து இறங்குகிறேன். மீண்டும் ஏறேன்!"

கைதட்டல் எழுந்தது. எஸ்தர் டீச்சர் நேரம் முடிந்ததற்கான மணியை அடிக்க மறந்து அதைக் கையிலேயே பிடித்திருந்தார்.

"தபால்தலை எங்கன்னு என்னால சொல்ல முடியாதும்மா," என்றார். "மத்ததெல்லாம் உண்மை. வேற என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல."

சொல்ல முடியாது என்றாரே, எனக்கு அது போதும். சொல்ல முடியாதவர் மறைக்கிறார், மறைப்பவர் குற்றவாளி.

திங்கட்கிழமை காலை கரும்பலகையில் 'டுபாக்கூர் டென்மார்க்' என்று யாரோ எழுதியிருந்தார்கள். எழுதியது நான் இல்லை. எஸ்தர் டீச்சர் வந்து, படித்து, தாமே துடைத்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கினார். அதன்பின் அவர் வகுப்பில் சிரித்துப் பார்த்த நினைவு எனக்கில்லை. தாய்மார்கள் இருவர் பள்ளிக்கே வந்து விசாரித்துப் போனதாகவும் கேள்விப்பட்டேன். நான் வென்றுவிட்டேன் என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

கத்தரிக்கோலுடன் வந்தவர்

மாசி மாதத்தில் ஒரு நாள், மதிய மணிக்கு முந்திய பாடவேளையில் வகுப்பு வாசலில் காக்கிச் சட்டை தெரிந்தது.

"எஸ்தர்னு யாருங்க? டென்மார்க் பார்சல். கையெழுத்து போட்டு வாங்கிக்குங்க."

தபால்காரரின் கையில் பழுப்புக் காகிதம் சுற்றிய ஒரு பொட்டலம். அதன்மேல் வரிசையாக ஆறு தபால்தலைகள். ஆறின்மேலும் கறுப்பு முத்திரை. அவருக்குப் பின்னால் மூச்சிரைக்க வந்து நின்றவர் எங்கள் தலைமையாசிரியை. அவர் கையில் கத்தரிக்கோல்.

"எஸ்தர், ஸ்டாம்ப மட்டும் கிழிச்சிடாதம்மா. போன தடவ மாதிரி நானே வெட்டிக்கறேன். என் பேரன் ஆல்பத்துல டென்மார்க் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு."

முப்பத்தோரு தலைகள் என் பக்கம் திரும்பின.

இந்த அளவில் முடிந்திருந்தால் தோற்ற பேச்சாளர் என்ற பெயரோடு போயிருக்கும். எஸ்தர் டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. வென்றவர் முகமும் காட்டவில்லை. ஜமீலாவை அழைத்துப் பொட்டலத்தைப் பிரிக்கச் சொன்னார்.

உள்ளே கண்ணாடிச் சட்டமிட்ட ஒரு வண்ணப் புகைப்படம். தடித்த கோட்டு அணிந்த பிள்ளைகள் வட்டமாக நிற்கிறார்கள். வட்டத்தின் நடுவில் இலையே இல்லாத ஒரு செடி. செடியின் அடியில் வெள்ளைப் பலகை. அதில் ஆங்கில எழுத்தில் 'வள்ளி' என்ற பெயரும், கீழே நினைவஞ்சலியாக ஒரு வரியும். கூடவே கிர்ஸ்டன் எனக்கு எழுதிய கடிதம். டீச்சர் அதை வாங்கித் தமிழில் சொல்லத் தொடங்கினார்.

"முதல் கடிதத்தில் உன் தங்கையைப் பற்றி என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவைக் கேட்டேன். அம்மாவுக்கும் தெரியவில்லை. அதனால் பூனையைப் பற்றி எழுதிவிட்டேன். பிறகு எங்கள் வகுப்பில் எல்லோரும் பேசி, அவள் நினைவாக ஓர் ஆப்பிள் மரம் நட்டோம்."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "எந்த வள்ளிடி?"

எல்லோருக்கும் ஒரே ஒரு வள்ளியைத்தான் தெரியும். அப்போது மதிய மணி அடித்தது.

ஆறாம் வகுப்பிலிருந்து ஓடிவந்த வேகத்தில் அவள் வாசற்படியில் நின்றாள். கையில் அலுமினியத் தட்டு.

"அக்கா, புளிச்சோறுதான இன்னிக்கி? சீக்கிரம் எடு, பசிக்குது."

ஜமீலா மெல்லச் சொன்னாள்: "டீச்சர், செத்துப்போன வள்ளி சோத்துக்கு வந்துட்டா."

ஒருவரும் சிரிக்கவில்லை. எஸ்தர் டீச்சர் கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு வாசலைப் பார்த்தார்.

"நீதான் வள்ளியா?"

"ஆமாங்க டீச்சர்."

"போய் சாப்புடும்மா."

பிறகு என் பக்கம் திரும்பினார். "அந்த லெட்டர நான் அழுதுகிட்டே எழுதினேன்," என்றார். குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குப் பதில் கிடைத்திருக்கும்.

நீ பார்த்தாயா?

அன்று மாலை வீட்டில் வள்ளி புகைப்படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது மரமாக்கா? தொவரங்குச்சி மாதிரி இருக்கு," என்றாள். பிறகு, "அங்கயும் என்ன சாவடிச்சிட்டியா?" என்று கேட்டாள். வேலூரில் கைதட்டியவள் இம்முறை தட்டவில்லை.

கிர்ஸ்டனுக்கு உண்மையை எழுதினேன். மேடையில் நாங்கள் அப்படிப் பேசுவது வழக்கம், கடிதத்தில் அப்படி எழுதியது என் தவறு, வள்ளி நலமாக இருக்கிறாள். ஆங்கிலத்தில் நானே எழுதிய ஒன்பது வரிகள். என் வாழ்நாளில் நான் எழுதியவற்றில் அலங்காரமே இல்லாதது அதுதான். ஆண்டு விழா வந்தது. "சபதம் என்னாச்சுடி?" என்றாள் ஜமீலா. மேடையில் பேச நான் பெயர் கொடுக்கவில்லை. என் இடத்தில் அவள் பேசினாள், நன்றாகவே பேசினாள்.

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது கிர்ஸ்டனின் பதில் காத்திருந்தது.

"உன் தங்கை உயிரோடு இருப்பதாக எழுதியிருக்கிறாய். நாங்கள் வருந்தக்கூடாது என்பதற்காக இப்படி எழுதுகிறாயோ என்று அம்மா கேட்கிறாள். இரண்டு கடிதங்களில் எதை நம்புவது?"

சான்று எங்கே என்று மன்றத்தில் முழங்கியவளிடம் கடலுக்கு அப்பாலிருந்து சான்று கேட்கிறார்கள். கேட்பது நியாயந்தான். என் சொல் இனி அங்கே செல்லாது.

தேரடி வீதியில் ஒரு புகைப்பட நிலையத்துக்கு வள்ளியை அழைத்துப் போனேன். தாமரைக்குளம் வரைந்த திரைக்கு முன்னால், அந்த மரத்தின் படத்தை நெஞ்சோடு பிடித்தபடி அவள் நின்றாள்.

"போட்டோவுக்குள்ள போட்டோ எதுக்கும்மா?" என்றார் படம் எடுப்பவர்.

"சாட்சிக்கு," என்றேன்.

படம் கைக்கு வந்ததும் எனக்குள்ளிருந்த வாதி எழுந்து நின்றாள். இது எந்தப் பெண்ணாகவும் இருக்கலாமே? வாடகைக்கு ஒரு சிறுமியை நிறுத்தியிருக்கலாமே? நானாக இருந்தால் இதைத்தான் கேட்பேன். வீட்டில் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு நான்கு நாள் எழுதி எழுதிக் கிழித்தேன்.

ஐந்தாம் நாள் வள்ளி என் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கினாள். "நீ எழுதினா அவ எப்படி நம்புவா? குடு இப்படி." படத்தின் பின்புறத்தில் உருண்டை உருண்டையாகத் தமிழில் எழுதினாள்.

"நான்தான் வள்ளி. நான் சாகவில்லை. எங்கள் அக்கா பேச்சுப் போட்டியில் பேசுகிறவள். மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள்."

அடுத்த நாள் அதை எஸ்தர் டீச்சரிடம் அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். நான் வராந்தாத் தூணுக்குப் பின்னால் நின்றிருந்தேன். டீச்சர் படித்தார்; வாயை மூடிக்கொண்டு சிரித்தார்; ஒரு சொல்லையும் மாற்றாமல் கீழே ஆங்கிலத்தில் எழுதினார். அவர் சிரித்து நான் கண்டது பல மாதங்களுக்குப் பின் அன்றுதான்.

பதில் வந்தது. முகவரியில் வள்ளியின் பெயர் இருந்தது. உள்ளே புதிய படம்: மரத்தில் இலைகள் வந்திருந்தன. பலகையில் பெயருக்குக் கீழே இருந்த வரியின்மேல் வெள்ளை வண்ணம் பூசியிருந்தார்கள். பெயர் மட்டும் இருக்கட்டும் என்று வகுப்பில் கை தூக்கி முடிவு செய்தார்களாம்.

அதே வாரம் மன்றத்துக்கான பட்டியலில் எஸ்தர் டீச்சர் என் பெயரை எழுதியிருந்தார். நான் போய் நின்று, "சபதம் இருக்கே டீச்சர்," என்றேன்.

"பேசு," என்றார், பட்டியலிலிருந்து தலையைத் தூக்காமல். "வீட்டுல இருக்கறவங்கள மட்டும் கொல்லாத."

அன்றுமுதல் என் மேடையில் என் வீட்டார் ஒருவரும் இறந்ததில்லை. ஊருக்கு ஊர் பேசப் போகிறேன். கோப்பைகள் சுவரலமாரியில் இடமின்றி நிற்கின்றன. கிர்ஸ்டனிடமிருந்து எனக்கு அதன்பின் ஒரு வரியும் வந்ததில்லை. வள்ளிக்கு மட்டும் ஆண்டுக்கு இரண்டு மூன்று வந்துகொண்டிருக்கின்றன. மரம் காய்க்கிறதாம். உறையைப் பிரித்ததும் அவள் சன்னலோரம் போய்விடுவாள். பாதி படிக்கும்போதே என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரிப்பாள்.

"என்னடி எழுதியிருக்கா?" என்பேன்.

"மழை பெய்யுதாம்க்கா. பூனை குட்டி போட்டிருக்காம். உன்னப் பத்தி ஒண்ணுமில்ல."

இதுவரை இருபது தடவையாவது இந்தப் பதிலைக் கேட்டிருப்பேன். ஒரு தடவையும் நம்பியதில்லை.